கண்டக்டர் மருதாசலத்தின் எலிகள்

கண்டக்டர் மருதாசலம் கண்ணை மூடி ஒரு கார்த்திகை கழிந்து, மறு மழைக்காலம் பிடித்துக்கொண்ட சமயம், ஆலாங்காட்டுப் பிரிவில் இருக்கிற ஆராய்ச்சி நிலையத்து எலிக்கூடத்தில், பொழுது சாய்கிற நேரமாகப் பார்த்து, உடம்பில் ரோமமே இல்லாத எலிகள் அத்தனையும் ஒன்றுபோல எழுந்து, முன்கால்களைக் கூண்டுச் சுவரில் ஊன்றி நின்று, ரெண்டு விசில் அடித்து, "பஞ்சுமில் கேட்டு, பஞ்சுமில் கேட்டு, எறங்கறவங்க முன்னால வாங்க" என்று மருதாசலத்தின் குரலிலேயே கூவின.

கூண்டுகளில் மரத்தூள் மாற்றிக்கொண்டிருந்த பெனடிக்ட் திடுக்கிடவில்லை. அந்தக் குரலோடு வருஷக்கணக்காக வேலைக்கு வந்து போனவர் அவர். பஞ்சுமில் கேட் என்று காதில் விழுந்ததும் கை தானாக மேலே போய்க் கம்பியைத் தேடியது. அடுத்தது ஆலாங்காட்டுப் பிரிவு, நாம் இறங்க வேண்டியது என்று உடம்பு கதவுப்பக்கம் திரும்பியது. ஏற்கெனவே இறங்கி, உடுப்பு மாற்றி, வேலையில் நின்றுகொண்டிருக்கிறோம் என்பது அதற்கப்புறம்தான் அவருக்கு ஞாபகம் வந்தது. மரத்தூள் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் போய் டாக்டர் ஷகிலா பானுவைக் கூட்டிவந்தார்.

டாக்டர் கதவோரம் நின்று கேட்டாள். எலிகள் வாய்க்கால் பாலம், சந்தைக்கடை, மொட்டப்பாறை, நல்லிக்காடு என்று வரிசை தப்பாமல் கூவி, நடுநடுவே "உள்ள போங்க, நடுவுல எடமிருக்குது" என்று அதட்டி, கடைசியில் "வேட்டுவங்குட்டை, கடைசி ஸ்டாப்பு, அல்லாரும் எறங்குங்க" என்று ஒரு நீள விசிலோடு முடித்து, கால்களை இறக்கிக்கொண்டு தீவனம் கொறிக்கப் போய்விட்டன.

"யாரு குரல் இது, பெனடிக்ட்?"

"வேட்டுவங்குட்டை பஸ்ஸு கண்டக்டருங்க மேடம். மருதாசலம்னு பேரு. போன வருசம் வவுத்துல கட்டி வந்து தவறிட்டாருங்க."

அந்தக் கட்டியைத்தான் டாக்டர் தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் மருதாசலத்தின் கணையத்திலிருந்து வெட்டியெடுத்த கட்டியில் புளியங்கொட்டை அளவுத் துண்டு ஒன்று பெயரில்லாமல், ஒரு எண்ணோடு அவளிடம் வந்து சேர்ந்திருந்தது. எந்த நோயையும் எதிர்த்து நிற்கத் தெம்பில்லாமல் பிறக்கிற அந்த எலிகளின் தோலுக்கடியில் அதை விதைபோல வைத்து, வளர்ந்ததும் பிட்டு, அடுத்த எலிக்கு வைத்து, இப்படி ஒரு கூடம் நிறைய மருதாசலத்தின் கட்டியைப் பயிர் பண்ணி வைத்திருந்தாள். மனுஷருக்குக் கொடுக்கும் முன்னால் புது மருந்து ஒன்றை அதன்மேல் கொடுத்துப் பார்க்க வேண்டும். துண்டெடுக்கச் சம்மதமா என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் கேட்டபோது மருதாசலம், "எடுத்துக்குங்க, அத வெச்சு நானென்ன பண்ணப்போறேன்" என்றாராம். எலிகளுக்குக் குரலும் சேர்ந்து போகும் என்று அவரும் நினைக்கவில்லை, கேட்டவர்களும் நினைக்கவில்லை.

நிலையத்தில் இதற்காக ஒரு கூட்டம் போட்டார்கள். இதற்கு முன்னால் எங்கேயாவது இப்படி நடந்திருக்கிறதா என்று ஒருவர் கேட்டார், இல்லை என்று இன்னொருவர் சொன்னார், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பிறகு, கூவும்போது எலிகளுக்கு வலிக்கிறதா என்று விசாரித்தார்கள். இப்போதைக்கு வலிப்பதாகத் தெரியவில்லை என்றார் பெனடிக்ட். கட்டியின் நீள அகலத்தை அளப்பதுபோலக் குரலையும் தினமும் அளந்து வைப்பது என்று முடிவு பண்ணி, டீ குடித்துவிட்டுக் கலைந்தார்கள்.

ஆனால் எலிக்கூடத்துக் காற்றை வெளியே தள்ளுகிற குழாய் பின்மதிலுக்கு மேலாகத்தான் வாயைத் திறந்துகொண்டிருந்தது. மதிலுக்கு அந்தப்பக்கம் மாராத்தாளின் டீக்கடை. எலிகள் கூவிய ரெண்டாம் நாளே அங்கே விஷயம் தெரிந்துபோயிற்று, அந்த வாரத்துக்குள் வேட்டுவங்குட்டை வரைக்கும் தெரிந்துபோயிற்று. மில்லில் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள், சந்தைக்குக் கீரை கொண்டுபோய்த் திரும்புகிறவர்கள், பூக்கூடைக்காரிகள், அந்தக் குரலைக் கேட்டே பள்ளிக்கூடம் போய், காலேஜ் போய், கல்யாணம் கட்டி, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதே பஸ்ஸில் ஏறியவர்கள் எல்லாரும் பொழுதோடு வந்து பெஞ்சுகளில் ரெண்டு ரெண்டு பேராக, பஸ்ஸில் உட்காருகிற மாதிரியே உட்கார்ந்தார்கள். பெண்கள் இடதுபக்கம், ஆண்கள் பின்னால். குழாயிலிருந்து விசில் கேட்டதும் பேச்சு நிற்கும். சந்தைக்கடை என்று குரல் வந்ததும் சந்தைக்கடைக்காரர்கள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து, முன்னால் இருப்பவரிடம் "சித்த வழி விடுங்க" என்று சொல்லி நடந்து போவார்கள். மொட்டப்பாறை என்றதும் மொட்டப்பாறைக்காரர்கள். தங்கள் ஊர் வரும்வரை யாரும் எழுந்ததில்லை. மெய்யான பஸ்ஸை ஓட்டுகிற குழந்தைவேலும் அந்த நேரத்துக்கு வண்டியை மதிலோரம் கொண்டுவந்து என்ஜினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் கிளப்புவார். புதுக் கண்டக்டர் பையன் அந்த இடத்தில் வாயைத் திறக்கக் கூச்சப்பட்டுக்கொண்டு நிற்பான்.

டாக்டர் ஷகிலா, மருதாசலத்தின் மனைவி துளசிமணியைத் தேடிக்கொண்டு போனாள். துளசிமணி பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். துணியை வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. டாக்டர் சொன்னதையும் அவள் அப்படித்தான், பிடித்திருந்த துணியை இறக்காமல், ஓட்டை தேடுகிறவள்போலக் கேட்டாள். கேட்டு முடித்ததும் துணியை மடித்து வைத்துவிட்டு, "முகங்கழுவிட்டு வாரனுங்க" என்றாள்.

முதல்நாள் அவள் அழுவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். மாராத்தாள் டம்ளரில் தண்ணீர்கூட எடுத்து வைத்திருந்தாள். குரல் டவுன் ஸ்டாண்டில் கிளம்பி வேட்டுவங்குட்டையில் முடியும்வரை துளசிமணி அசையாமல் கேட்டுவிட்டு, "சளி புடிச்சிருக்குது" என்றாள். "மழையில படியில நிக்காதீங்கன்னா கேட்டாத்தான."

விஷயம் என்னவென்றால், இத்தனை பேருக்கும் கேட்டுப் பழகிய அந்தக் குரல் துளசிமணிக்குத்தான் அதிகம் பழக்கமில்லை. மருதாசலம் இருக்கிற குரலையெல்லாம் பஸ்ஸிலேயே செலவழித்துவிட்டு வருகிற மனுஷன். வீட்டுக்கு வந்தால் தொண்டையில் காற்றுத்தான் வரும். சோறு போதும் என்றால் உள்ளங்கை, காப்பி என்றால் ரெண்டு விரல், விளக்கை அணை என்றால் ஒரு கண்ஜாடை. "ஊருக்கெல்லாம் கத்தறீங்க, ஊட்டுக்கு வந்தா ஊமையாட்ட உக்காந்துக்கறீங்க" என்று அவள் சடைத்துக்கொண்டால் சிரிப்பார். மகளை ஓசூரில் கட்டிக்கொடுத்து வீடு வெறிச்சென்று ஆன பிறகு ஒருநாள் அவரே தொண்டையைச் செருமி, "ரிட்டைடு ஆவட்டும் துளசி, அப்பறம் உங்கூடத்தான் பேச்சு, நீயே போதும்ங்கற வரைக்கும்" என்றார். ரிட்டைடு ஆவதற்கு முன்னால் கட்டி வந்தது. அது முதலில் வாங்கிக்கொண்டது குரலைத்தான்.

அதனால் துளசிமணி தினமும் கம்பெனி விட்டதும் நேராக மதிலோரம் வந்து உட்கார்ந்தாள். ஜனங்களுக்கெல்லாம் ஸ்டாப்பு பேர் போதுமாயிருந்தது. அவள் ஸ்டாப்புகளுக்கு நடுவில் இருக்கிற இடைவெளியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே அந்த மனுஷன் அவளுக்கென்று ஒரு வார்த்தை போட மாட்டானா என்று.

ஒருநாள் டாக்டர் அவளை உள்ளே அழைத்துப் போனாள். தலைக்குக் குல்லா, வாய்க்குத் துணி, கைக்கு உறை, மேலே நீள அங்கி எல்லாம் மாட்டிவிட்டு எலிகளைக் காட்டினாள். பிறந்த குழந்தையின் பாதம்போல இளஞ்சிவப்பாக, சுருக்கம் சுருக்கமாக, வெறும் மேனியோடு அவை நடமாடின. ஒவ்வொன்றின் விலாவிலும் ஒரு புடைப்பு.

"இதுக்குள்ளயாங்க இருக்கறாரு?"

"அவரோட கட்டி இருக்குதுக்கா."

"ரெண்டும் ஒண்ணுதானுங்க இப்ப."

டாக்டர் கூண்டுத் தட்டுகளைக் கை காட்டினாள். மேல்தட்டில் இருக்கிற எலிகளுக்கு நாளையிலிருந்து மருந்து, கீழ்த்தட்டு எலிகளுக்கு வெறும் உப்புத்தண்ணீர் என்று விளக்கினாள். "ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தாத்தான் மருந்து வேலை செய்யுதுன்னு ஆரும் நம்புவாங்க. வேலை செஞ்சா மேல்தட்டுக் கட்டி கரையும். கட்டி கரைஞ்சா..." என்று நிறுத்தினாள்.

"குரலும் போயிருமுங்களா?"

"போயிரும்னுதான் நெனைக்கறேன்."

மருந்து வேலை செய்தது. முதலில் மேல்தட்டு எலிகள் வேட்டுவங்குட்டையை விட்டன. நல்லிக்காட்டோடு விசிலடித்து நிறுத்திக்கொண்டன. பிறகு நல்லிக்காடும் போயிற்று, மொட்டப்பாறையும் போயிற்று. கட்டியை அளக்கிற கருவிக்குத் தெரியாத தேய்மானமெல்லாம் குரலில் தெரிந்தது. பஸ் தினமும் ஒரு ஊர் முன்னதாகவே நின்றது. வெளியே பெஞ்சில் இருந்தவர்களுக்கு, சந்தைக்கடை வரைக்கும் திடமாக வருகிற குரல் அதற்கப்புறம் பாதி ஆள் இறங்கிப்போன பஸ்போல இலேசாகிவிடுவது கேட்டது. தூரத்து ஊர்க்காரர்கள் கழுத்தை நீட்டி, காதை மடக்கிப் பிடித்துக்கொண்டு தங்கள் பேருக்காகக் காத்திருந்தார்கள். துளசிமணி வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் நின்று என்ன வேண்டிக்கொண்டாள் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. அந்த மருந்து பலிக்கக் கூடாது என்று அவள் வேண்டிக்கொண்டாள்.

பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில் தினமும் உட்காருகிறவள் சுகந்தி. வாய்க்கால் பாலத்துக்காரி, தபாலாபீஸில் வேலை, முப்பத்தி சொச்சம் வயசு, தலையில் எப்போதும் ஒரு நூல்துண்டைக் கட்டியிருப்பாள். வாய்க்கால் பாலம் என்று கூவினாலும் அவள் எழுந்து போவதில்லை, கடைசிவரை இருந்து கேட்பாள். துளசிமணி ஒருநாள், "உன்ற ஊரு வந்துருச்சே அம்மணி, எறங்கலியா?" என்று கேட்டாள்.

சுகந்தி தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். முடி போயிருந்தது. "எனக்கும் அதே எடத்துலதானுங்கக்கா கட்டி. இந்த மருந்து எலிக்கு ஒத்துக்கிட்டா எங்களாட்டம் ஆளுகளுக்குக் குடுத்துப் பாக்கறாங்களாமா, பேர் குடுத்திருக்கறேன். அவுரு கொரலு கொறையக் கொறைய எனக்குச் சந்தோசமா இருக்குது. காலேசுக்கு நாலு வருசம் அவுரு பஸ்ஸுலதான் போனேன், தூங்கிட்டா தட்டி எழுப்பி எறக்கிவிடுவாரு. அவுரு கொரலு போறதுக்குப் போயிச் சந்தோசப்படறனே, உங்க பக்கத்துலயே உக்காந்துட்டு. நாக்கூசுதுங்கக்கா."

துளசிமணிக்குத் தன் வேண்டுதல் ஞாபகம் வந்தது. அதைச் சொல்லிவிடலாமா என்று வாயெடுத்தவள், சுகந்தியின் மடியிலிருந்த துண்டை எடுத்து, பனிக்காற்று படுகிறதென்று அவள் தலையில் போட்டுக் காதை மூடி இழுத்துக் கட்டிவிட்டாள். "நல்லாக் குணமாவட்டும்" என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய் சாமி படத்துக்கு முன்னால் நின்று, நேற்றுவரை சொன்னதை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்தாள்.

மேல்தட்டு மௌனமாகிக்கொண்டிருந்த அதே நாட்களில் கீழ்த்தட்டில் இன்னொன்று நடந்தது. மருந்து படாத எலிகள் வேட்டுவங்குட்டை என்று கூவி நீள விசிலடித்த பிறகும் கால்களை இறக்கவில்லை. கூவுகிற குரல் விட்டுப்போய், நடந்து வருகிற ஆள் தனக்குள் சொல்லிக்கொள்கிற தொனியில், "வேப்பமரத்து முக்கு" என்றன.

பெனடிக்டுக்கு அது புரியவில்லை, வேட்டுவங்குட்டைக்கு அப்பால் பஸ் கிடையாது. டாக்டருக்கும் புரியவில்லை. துளசிமணிக்குக் கேட்ட கணமே புரிந்தது. பஸ்ஸை விட்டுவிட்டு, பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மருதாசலம் வீட்டுக்கு நடக்கத் தொடங்கியிருக்கிறார்.

கட்டி வளர வளர அவர் நெருங்கினார். வேப்பமரத்து முக்கு தாண்டி ரேஷன் கடை வந்தது. ரேஷன் கடை தாண்டிச் சில நாள் கழித்துத் தண்ணித்தொட்டி. இடையிடையே செருப்பை உதறுவதுபோல ஒரு சத்தம், ஒரு இருமல். வெளியே இருக்கிற ஜனங்கள் இதை ஸ்டாப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. கடைசி ஊர்க்காரர்களும் வேட்டுவங்குட்டையோடு எழுந்து, குழாயைத் திரும்பிப் பார்க்காமல், அடுத்தவர் வீட்டுப் பேச்சைக் கேட்கக் கூடாதென்று சீக்கிரமாக நடந்து போனார்கள். மாராத்தாள் பாத்திரம் கழுவப் போய்விடுவாள். மிச்சத்தைக் கேட்கத் துளசிமணி மட்டும் இருப்பாள். வீட்டில் அவள் வாசலைக் கூட்டி, அவர் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். வெந்நீர் போட்டு வைத்தாள். கதவைச் சாத்தாமல் வேலை பார்த்தாள். வாசலுக்கு வந்துவிட்டால் அந்த மனுஷன் பேசியாக வேண்டும். இத்தனை தூரம் குரலோடு வருகிறவர் வாசலில் நின்று கை ஜாடை காட்ட முடியாது.

ஆனால் கீழ்த்தட்டு எலிகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டிருந்தன. கட்டி ஒரு அளவுக்குமேல் பெருத்தால் எலியை நோகவிடக் கூடாது, தூங்கவைத்துவிட வேண்டும் என்பது அங்கே விதி. ஒன்று ரேஷன் கடையோடு போயிற்று. வேறு சில தண்ணித்தொட்டியோடு போயின. கடைசியாக ஒரேயொரு எலி மிஞ்சி, தன்னந்தனியாக டவுன் ஸ்டாண்டிலிருந்து அத்தனை ஊரையும் சன்னமாகச் சொல்லிக்கொண்டு, மாவுமில் வரைக்கும் நடந்து வந்துவிட்டது. மாவுமில்லுக்கு அடுத்தது அவர்கள் சந்து. சந்தில் திரும்பினால் வீடு.

அன்று டாக்டர் துளசிமணியை மறுபடி உள்ளே அழைத்தாள். அங்கியும் உறையும் மாட்டிவிட்டு, எலியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள். கட்டி எலியின் தலையைவிடப் பெரிதாகியிருந்தது. விலா எலும்பு ஒவ்வொன்றும் மூச்சுக்கு மூச்சு மேலே வந்து போயிற்று. முதுகு வில்லாக வளைந்திருந்தது.

"விதிப்படி இன்னிக்கே முடிச்சாகணுங்கக்கா" என்றாள் டாக்டர். வேறெங்கோ பார்த்துக்கொண்டு மேலே சொன்னாள். "நாளைக்கு ஒருநாள் நான் கண்ணை மூடிக்கறேன். நாளைக்கு வாசலுக்கு வந்துருவாரு. மருந்துக்கு வேணுங்கறதெல்லாம் கெடைச்சாச்சு, ஆருக்கும் நட்டமில்ல. உங்களுக்கு நான் வேற என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியலக்கா."

எலி டவுன் ஸ்டாண்டு என்று ஆரம்பித்தது. ஒவ்வொரு ஊருக்கும் அது முன்கால்களை அவள் உள்ளங்கையில் ஊன்றி, உடம்பை ஒரு தூக்கு தூக்கி, அந்தப் பேரைச் சொல்லிவிட்டுச் சரிந்தது. சரிந்து, மறுபடி ஊன்றியது. துளசிமணிக்கு அந்த ஊன்றல் தெரியும். கடைசி மாதத்தில் பாயில் முழங்கையை இப்படித்தான் ஊன்றி, இப்படித்தான் ஒரு தூக்கு தூக்கிவிட்டு, ஒன்றுமில்லை என்று அவளைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

"நோவுதுங்களா இதுக்கு?"

"நோவுதுக்கா."

"நாளைக்கு இன்னுமும் நோவும்."

எலி வேப்பமரத்து முக்கு என்றது. ரேஷன் கடை என்றது. தண்ணித்தொட்டியில் வெகுநேரம் நின்று மூச்சு வாங்கியது. மாவுமில் என்றது. துளசிமணி கையை முகத்துக்குக் கிட்டத்தில் கொண்டுவந்தாள். இன்றைக்குத்தான் முதன்முதலாக அது அதையும் தாண்டியது. கால்களை ஊன்றி, எழுந்து, "நம்ம சந்து" என்றது. கூவலும் இல்லை, களைப்பும் இல்லை, வீட்டுக்குள் நுழையப்போகிற ஆளின் குரல். சொல்லிவிட்டுச் சரிந்து, நடுங்கிக்கொண்டே மறுபடி முன்கால்களைத் தேடி ஊன்றி, அடுத்ததைச் சொல்ல வாயைத் திறந்தது.

"போதுங்க" என்றாள் துளசிமணி. கட்டைவிரலால் அதன் முதுகைத் தடவினாள். "இங்கயே எறங்கிக்குங்க. நானிருக்கறேன். இத்தன தூரம் வந்ததே போதும்."

எலி வாயை மூடிக்கொண்டது. முன்கால்களை மடக்கி அவள் உள்ளங்கைக் குழியில் முகத்தை வைத்தது. டாக்டர் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டியபோது துளசிமணி கொடுக்கவில்லை. தானே கொண்டுபோய், தூக்கக் காற்று அடைக்கிற கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கையைச் சரித்து அதை மெதுவாக இறக்கிவிட்டாள். அதன் விலா நிற்கும்வரை பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மேல்தட்டில் கட்டி கரைந்த எலிகள் மரத்தூளைக் கிளறிக்கொண்டும், ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டும், எலிகள் போடுகிற சத்தத்தையே போட்டுக்கொண்டிருந்தன.

மறுமாதம் சுகந்திக்கு மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். பொழுதோடு மதிலோரம் கூடுகிற வழக்கம் அதற்குள் குறைந்து, குழந்தைவேலும் என்ஜினை அணைக்காமல் போகப் பழகியிருந்தார். டீக்கடைப் பெஞ்சில் துளசிமணி மட்டும் உட்கார்ந்திருந்தாள். சுகந்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, மாராத்தாளிடம் ரெண்டு வடை கேட்டாள்.

"பசிக்குதுங்கக்கா" என்றாள், அதைத் தானே நம்பாதவள்போல. "எத்தன நாளைக்கப்பறம் பசிக்குதுங்கறீங்க."

"தின்னு அம்மணி. நல்லாத் தின்னு."

சுகந்தி ஒரு வடையைத் தின்று முடித்தாள். இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு, கேட்கலாமா கூடாதா என்று யோசித்து, கடைசியில் கேட்டாள்.

"அன்னிக்கு உள்ள போனீங்களே. கடைசியா என்ன சொன்னாருங்கக்கா?"

துளசிமணி டம்ளரின் சூட்டை ரெண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணுஞ் சொல்லுல கண்ணு" என்றாள். "வந்துட்டிருந்தாரு."